மாங்காய் மண்டியில் பார்த்த கடல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவரின் கடிதம் வந்திருந்தது. காவேரிப்பட்டினத்தில் மீன்களைக் காட்டி ஓரினச்சேர்க்கையைப் பரப்பும் ஆபாசப் படம் போட்டார்கள், கிராமத்துப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி, போலீஸ் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தை ஓட்டியவன் நான்தான். புரொஜெக்டர் என்னுடையது, எட்டு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்துத் திரையாகக் கட்டியதும் நான்தான். அதனால் பதில் எழுதுகிற பொறுப்பு எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போனாலும் தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

அந்த வாசகர் படத்தைப் பார்க்கவில்லை. எப்படிச் சொல்கிறேன் என்றால், 'ஆணும் ஆணும் கட்டிப்பிடிக்கும் காட்சிகள்' என்று எழுதியிருக்கிறார். இருபத்திரண்டு நிமிடப் படத்தில் மனித முகம் வருவதே பத்து நொடிதான். அந்தப் பத்து நொடியும் இருபது வருடத்துக்கு முன்னால் நான் எடுத்த காதுகுத்து வீடியோ. மொட்டை போட்டு சந்தனம் பூசிய மூன்று வயதுக் குழந்தை மாமா மடியில் உட்கார்ந்து, ஆசாரி கையில் இருக்கிற கம்பியைப் பார்த்து அழப்போகிற முகம். இதில் ஆபாசம் எங்கே இருக்கிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

நான் இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். அந்தக் குழந்தை வளர்ந்து சென்னையில் படித்துவிட்டு வந்து, போன வருடம் என் கடைக்கு வந்து "அண்ணா, என் காதுகுத்து சிடி உங்ககிட்ட இருக்குமா?" என்று கேட்டது. இருந்தது. இந்தப் படத்தை எடுத்தது அந்தப் பிள்ளைதான், அப்படித்தான் இதற்குள் நான் வந்தேன். அந்தப் பிள்ளையை இந்தக் கடிதத்தில் அவன் என்றோ அவள் என்றோ எழுதாமல் அவர் என்றே எழுதுகிறேன். அப்படிச் சொன்னால் போதும் என்று கேட்டுக்கொண்டார். நம் மொழியில் மரியாதை கொடுத்துப் பேச ஆரம்பித்தாலே ஆணா பெண்ணா என்ற கேள்வி போய்விடுகிறது, எனக்கு அது பழக ஒரு நாள்கூட ஆகவில்லை. பெயரைப் போடவில்லை, அவருடைய அம்மா இந்த ஊரில்தான் இருக்கிறார்.

முதலில் ஒரு மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தைப் பேசி முன்பணமும் கொடுத்திருந்தோம். இரண்டு நாள் இருக்கும்போது கூப்பிட்டு, யார் யாரோ பேசுகிறார்கள், நமக்கு எதற்குப் பிரச்சினை என்று பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் பணத்தை வாங்கி எண்ணிக்கூடப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. என் மச்சானுக்கு மாங்காய் மண்டி இருக்கிறது, சீசன் முடிந்து காலியாகக் கிடந்தது, அங்கே போட்டோம். கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார்கள், பழைய சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். மாங்காய்ப் பால் வாடை இன்னும் போகாத இடம் அது. மொத்தம் நாற்பது பேர் வந்திருந்தார்கள்.

எங்கள் ஊர்ப் பெயரில் பட்டினம் இருக்கிறது. பட்டினம் என்றால் கடற்கரை ஊர், ஆனால் எங்களுக்கு இருப்பது தென்பெண்ணை ஆறுதான். அந்த ஆறு சாத்தனூர் தாண்டிக் கடலூருக்குப் போய்க் கடலில் கலக்கிறது. ஆற்றோடு நாங்கள் போனதில்லை. அன்று வந்திருந்தவர்களில் கடலை நேரில் பார்க்காதவர்களும் இருந்தார்கள். அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் படம் ஆரம்பித்ததும் கூட்டம் அமைதியானதற்கு முதல் காரணம் அந்தத் தண்ணீர்தான்.

படத்தின் முதல் காட்சி நான்கு நிமிடம் வெட்டே இல்லாமல் ஓடுகிறது. கல்யாண வீடியோவில் நான்கு நொடிக்கு மேல் ஒரு ஷாட்டை விட்டால் பார்ட்டி என்னைக் கேள்வி கேட்பார், அதனால் முதலில் எனக்கே பதற்றமாகத்தான் இருந்தது. திரை முழுக்க ஒரு கடல் சாமந்தி. பெயர்தான் சாமந்தி, அது செடி இல்லை, பாறையில் ஒட்டி வாழ்கிற ஒரு உயிர். இதழ் மாதிரித் தெரிவதெல்லாம் கொட்டுகிற கைகள். நம் பக்கத்துச் சாமந்தித் தோட்டத்தில் காற்றடிக்கும்போது பூ எல்லாம் ஒரே பக்கம் சாயுமே, அதே மாதிரி அலை வரும்போது அந்தக் கைகள் எல்லாம் சாய்ந்து திரும்புகின்றன. அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள். மற்ற மீன் உள்ளே போனால் செத்துப்போகும், இவற்றின் உடம்பு மேல் இருக்கிற வழவழப்பு இவற்றைக் காப்பாற்றுகிறது. ஒரு சாமந்திக்குள் ஒரு குடும்பம். இருப்பதிலேயே பெரியது பெண், அடுத்த பெரியது ஆண், மற்றவை எல்லாம் சின்னவை, அவை இன்னும் இனப்பெருக்கத்துக்கு வரவில்லை. பெரிய பெண் மீன் செத்துப்போனால் அந்த ஆண் மீன் பெண்ணாக மாறுகிறது, சின்னவற்றில் பெரியது வளர்ந்து ஆணின் இடத்துக்கு வருகிறது. இது விலங்கியல் படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்.

ஆனால் படத்தில் இந்த விளக்கம் எதுவும் இல்லை. மீன் நீந்திக்கொண்டே இருக்கிறது, பின்னால் ஒரு அம்மாவின் குரல் வருகிறது. வாட்ஸ்அப்பில் மகளுக்கோ மகனுக்கோ அனுப்பிய குரல் செய்திகள். "சாப்பிட்டியா?" "போன எடுக்க மாட்டியா?" "இன்னொரு ஜாதகம் வந்திருக்கு, பொருத்தம் நல்லா இருக்கு." "சாமி, ஒரு வார்த்தை பேசுடா." சண்டையே கிடையாது, திட்டே கிடையாது. அந்தக் குரல் வர வர மீன் சாமந்திக்குள் போய் ஒளிகிறது, கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்க்கிறது. இவ்வளவுதான் காட்சி. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இரண்டாவது பகுதி கடல்குதிரை. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் இருக்கிற உயிர். கொஞ்சம் ராமேசுவரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகத்தில் கண்ணாடி வழியாக எடுத்தது, பிரசவக் காட்சியை மட்டும் ஒரு ஆராய்ச்சி மாணவர் எடுத்துக் கொடுத்தாராம். கடல்குதிரையில் பெண் முட்டையை ஆணின் வயிற்றுப் பையில் வைத்துவிடும், ஆண்தான் சுமந்து பெற்றெடுக்கும். வால் ஒரு நைலான் கயிற்றுத் துண்டைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, வலைக் கயிறுதான். உடம்பை முன்னால் வளைக்கிறது, நிமிர்கிறது, மறுபடி வளைக்கிறது. ஒவ்வொரு வளைவுக்கும் பையின் வாயிலிருந்து சீரகம் அளவுக்குக் குஞ்சுகள் தெறித்து வருகின்றன. ஒன்றிரண்டு வந்து, பிறகு கொத்தாக. கடைசிக் குஞ்சு வந்த பிறகும் அது அதே மாதிரி இன்னும் இரண்டு தடவை வளைகிறது. மண்டியில் இருந்த பெண்கள் பக்கத்திலிருந்து "அய்யோ பாவம்" என்று ஒரு சத்தம் வந்தது. பெற்றவர்களுக்குத்தானே அது தெரியும்.

மேல்நாட்டு இறக்குமதி என்று எழுதியவருக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேல்நாட்டில் இது புதிதில்லை என்பது உண்மை. 1934லேயே பிரான்சில் ழான் பான்லவே என்பவர் கடல்குதிரையைப் பற்றிக் குறும்படம் எடுத்து ஆண் பிரசவிப்பதைக் காட்டிவிட்டார். ஆனால் கடல், உடல், பாலினம் மூன்றையும் சேர்த்து வீடியோ கலை செய்தவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள். பிலாயில் பிறந்த தேஜல் ஷா செய்த 'பிட்வீன் தி வேவ்ஸ்' என்ற ஐந்து திரை வீடியோ 2012இல் ஜெர்மனியில் காசெல் நகரத்து டாக்குமெண்டா கண்காட்சியில் வைக்கப்பட்டது. உலகக் கலைஞர்கள் இடம் கிடைக்காதா என்று காத்திருக்கிற கண்காட்சி அது. இங்கிருந்து அங்கே போனதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய பதில் மண்டியிலேயே கிடைத்தது, அதற்கு வருகிறேன்.

படம் முடிந்து லைட் போட்டதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. முதலில் பேசியது மீன்கார அக்கா ஒருவர். கடல் மீன் ஐஸ் பெட்டியில் வந்து இறங்குவதை எடுத்து வாரச் சந்தையில் விற்கிறவர். "இத சாப்பிடுவாங்களா?" என்று கேட்டார். கடல்குதிரைக்கு 2001லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது, பிடிக்கவே கூடாது என்று அந்தப் பிள்ளை சொன்னார். அக்கா அதோடு விடவில்லை. "கொடுவா இருக்குதே, பெருசா இருந்தா அறுத்தா சினை இருக்கும், சின்னதுல நான் சினையே பார்த்ததில்ல. அதும் இந்த மாதிரியா?" என்று கேட்டார். ஆமாம், அதுவும்தான். கொடுவா முதலில் ஆணாகப் பருவத்துக்கு வந்து, சில வருடம் கழித்து பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிற மீன். களவா அதற்கு நேர் எதிர், பெண்ணாக இருந்து ஆணாக மாறும். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருடம் தன் கத்திக்கு அடியில் பார்த்ததற்கு அன்றைக்குத்தான் காரணம் தெரிந்திருக்கிறது.

அப்புறம் பாரூர் பக்கத்தில் குளம் வைத்து மீன் வளர்க்கிற ஒருவர் எழுந்தார். ஜிலேபி மீன் வளர்க்கிறவர்களுக்கு இது தொழில் விஷயம். பெண் மீன் இருந்தால் குளத்திலேயே குஞ்சு பொரித்துக் கூட்டம் கூடி எதுவும் எடை போடாது, ஆண் மீன்தான் வேகமாக வளரும். அதனால் பொரித்த குஞ்சுக்கு முதல் மூன்று நான்கு வாரம் தீவனத்தில் ஹார்மோன் கலந்து போட்டு எல்லாவற்றையும் ஆணாக்கி விற்கிற பொரிப்பகங்கள் உண்டு. அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு பையன், கெட்ட எண்ணத்தில் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை, "அப்போ மனுசங்களுக்கும் மருந்து குடுத்து சரி பண்ணிடலாமே" என்றான்.

மண்டி அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை மைக் இல்லாமலே பேசினார். பதினேழு வயதில், பிளஸ் டூ படிக்கும்போது, வீட்டில் விஷயம் தெரிந்து வெளியூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். எட்டு மாதம் மாத்திரை. அதற்கு நடுவில் தாயத்து, மந்திரிப்பு எல்லாம். "சரியாகும்னு நானும் நம்பித்தான் சாப்பிட்டேன். தூக்கம்தான் வந்துச்சு. கெமிஸ்ட்ரி கிளாஸ் முழுக்கத் தூங்கினேன்" என்றார். அவருடைய அம்மா பின்வரிசையில் ஒரு கூடை மேல் உட்கார்ந்திருந்தார். படத்தில் வந்த குரல் அவருடையதுதான். தலையைக் குனிந்துகொண்டு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

இதைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். 'மீன் மாறுகிறது பார், அதனால் இது இயற்கை, அதனால் தப்பில்லை' என்று சொல்வது சுலபம், நல்ல எண்ணத்தோடு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. சில மீன் தன் குஞ்சையே தின்னும், அதை வைத்து யாரும் நியாயம் பேசுவதில்லை. ஒரு மீன் பால் மாறுவது ஒரு விஷயம், ஒருவர் தன்னை ஆணாகவோ பெண்ணாகவோ இரண்டுமில்லாமலோ உணர்வது வேறு விஷயம், யாரை விரும்புகிறார் என்பது அதற்கும் வேறான விஷயம். இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டினால் பாரூர்க்காரர் சொன்ன தீவனம் மாதிரி, மருந்து கொடுத்து மாற்றலாம் என்ற பேச்சு வந்து நிற்கும். ஒரு மனுசனோ மனுசியோ நிம்மதியாக வாழ மீனிடமிருந்து சான்றிதழ் வாங்கி வர வேண்டியதில்லை.

மருந்து விஷயத்தில் சட்டமும் தெளிவாக இருக்கிறது, உங்கள் வாசகர்களுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும். 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், ஒரே பாலினத்தவரை விரும்புகிறவர்களையும் திருநங்கை, திருநம்பி போன்றவர்களையும் மருத்துவத்தால் 'குணப்படுத்த' முயல்வதற்குத் தடை விதித்தார். அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் சிகிச்சை செய்வது மருத்துவரின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அந்தப் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தது இதற்கெல்லாம் முன்னால். அந்த டாக்டர் யார் என்று இப்போது கிளறுவதில் அவருக்கு விருப்பம் இல்லை. ஆனால் இன்றைக்கும் நம் மாவட்டத்தில் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கலாம், இதை எழுத நான் உட்கார்ந்ததற்கு முக்கியமான காரணம் அதுதான்.

போலீஸ் நடவடிக்கை கேட்டிருந்தார் அல்லவா, அதற்கும் பதில் இருக்கிறது. தன்பாலினத்தவரோடு வயது வந்தவர்கள் சம்மதத்தோடு உறவு வைத்துக்கொள்வது குற்றமில்லை என்று உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் தேதியே சொல்லிவிட்டது. 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் 24சி என்று ஒரு விதியையே சேர்த்தார்கள், இந்தச் சமூகத்தினரையும் அவர்கள் நலனுக்காக வேலை செய்கிறவர்களையும் போலீசார் தொந்தரவு செய்யக் கூடாது என்று. இன்னொன்று, நாட்டின் முதல் திருநங்கை சப்-இன்ஸ்பெக்டர் பிரித்திகா யாஷினிக்கு 2017இல் முதலில் பணியிடம் கிடைத்ததே பக்கத்தில் இருக்கிற தருமபுரி மாவட்டத்தில்தான். காக்கிச் சட்டையில் அவருக்கு சல்யூட் அடித்த மண் இது.

இப்போது அந்தப் பெரிய பதிலுக்கு வருகிறேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகம் துடைத்த பெரியவர் கூத்துக்காரர். முப்பது வருடத்துக்கு மேல் பெண் வேஷம் கட்டியவர். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பதினெட்டு நாள் பாரதக் கூத்து பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. அவர் எழுந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் பாஞ்சாலி கட்டினா பொம்பளைங்க கொழந்தைய என் மடியில குடுத்து விபூதி வாங்குவாங்க. விராட பர்வத்துல அர்ச்சுனன் பேடியா பிருகன்னளையா வருவான், ஊரே கையெடுத்துக் கும்பிடும். விடிஞ்சி அரிதாரத்த கழுவிட்டு டீக்கடைக்குப் போனா அதே ஆளுங்க என் இடுப்பப் பார்த்துச் சிரிப்பாங்க. நான் எப்படி நடக்கறேனோ அப்படித்தான் நடக்கறேன், வேஷத்துக்காக மாத்திக்கிட்டது கெடையாது. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல." இவ்வளவுதான் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். எழுபது வயதிருக்கும். இவருடைய கூத்தை நான் எத்தனையோ ராத்திரி வீடியோ எடுத்திருக்கிறேன், க்ளோஸப்பில் இவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

இறக்குமதி என்று எழுதிய வாசகரும் பாரதக் கூத்து பார்த்திருப்பார். அரவான் களப்பலிக்கு முன்னால் கிருஷ்ணன் மோகினியாக வந்து தாலி கட்டிக்கொள்கிற கதை அவருக்குத் தெரியாமல் இருக்காது. கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கைகள் தாலி கட்டி அறுப்பது அந்தக் கதைக்காகத்தான். சாமி செய்தால் புராணம், நம் தெருப் பிள்ளை சொன்னால் இறக்குமதியா?

கடல் என்ன செய்தது என்று கேட்டால், எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். நேரடியாக அந்தப் பிள்ளையைத் திரையில் நிறுத்தி இவர் இப்படி என்று காட்டியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்த்திருப்பார்கள். மீனை இருபத்திரண்டு நிமிடம் உற்றுப் பார்க்க யாருக்கும் கூச்சம் இல்லை. பார்த்துப் பழகிய அதே கண்ணோடு திரும்பிப் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்தார்கள். மீன்கார அக்கா கொடுவாவில் ஆரம்பித்து, கடைசியில் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு "உனக்குன்னு யாராச்சும் இருக்காங்களா சாமி?" என்று கேட்கிற வரைக்கும் வந்தார். கேள்வி கேட்ட அந்தப் பையன் கூடைகளை அடுக்கக் கடைசிவரை கூட இருந்தான்.

ஆசிரியருக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, ஓரினச்சேர்க்கை என்ற சொல்லைத் தயவுசெய்து விடுங்கள், அது ஆளை விட்டுவிட்டுப் படுக்கையை மட்டும் பேசுகிற சொல். தன்பாலீர்ப்பு (ஒரே பாலினத்தவர் மேல் வருகிற ஈர்ப்பு), பால்புதுமையினர் (இவர்கள் எல்லோருக்கும் பொதுவான சொல்), திருநர் (பிறப்பில் குறித்த பாலினம் தன்னுடையது இல்லை என்று உணர்கிறவர்), திருநம்பி (பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்கிறவர்), ஊடுபால் (ஆண் பெண் என்று பிரித்துச் சொல்ல முடியாத உடலோடு பிறப்பது) என்று நல்ல தமிழ்ச் சொற்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நீதிமன்றம் சொல்லி, தமிழ்நாடு அரசே 2022இல் அரசிதழில் இதற்கென்று ஒரு சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறது, பத்திரிகைகள் பயன்படுத்தத்தான் அது. இரண்டாவது, இந்த மாதிரி படங்களுக்கு நம் இரண்டு மாவட்டத்திலும் பொது இடம் வேண்டும். தருமபுரியில் புத்தகத் திருவிழா நடக்கிறது, கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு சுவரும் ஒரு மாலைப் பொழுதும் கொடுத்தால் போதும், புரொஜெக்டருக்கு நான் வாடகை வாங்க மாட்டேன். நீங்கள் ஒரு நிருபரை அனுப்பி, பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள்.

கடிதம் எழுதிய வாசகரையும் கூப்பிடுகிறேன். தனியாக வர விருப்பம் என்றால் தனியாகவே போட்டுக் காட்டுகிறேன், யாருக்கும் சொல்ல மாட்டேன். படம் பென் டிரைவில் என் கடையில்தான் இருக்கிறது. மண்டியும் சித்திரையில் மாங்காய் வருகிற வரைக்கும் காலியாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
கல்யாண வீடியோ எடுக்கும் வாசகர் ஒருவர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்